எந்த ஊருக்குத் திரும்புவது?

சென்னையில் வாழும் ஒருவரிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவராயினும், சொந்த வீடு கட்டியவராயினும், "திருநெல்வேலிப் பக்கம்" என்றோ, "கும்பகோணத்துக்கு அருகே" என்றோதான் விடை வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம் என்பார்கள். பொங்கல் முடிந்தபின் ஊருக்குத் திரும்புகிறோம் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. "மெட்ராசுக்குக் கிளம்புகிறோம்" என்பதே வழக்கு. ஊர் என்னும் சொல்லுக்கு வாழும் இடம் என்ற பொருள் தேய்ந்து, விட்டு வந்த இடம் என்ற பொருள் நாளடைவில் ஏறிவிட்டது போலும். இதையெல்லாம் நாங்கள் இத்தனை உன்னிப்பாக எண்ணிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம், கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்துவரும் ஓர் ஆலோசனை. 2020-இல் சென்னையை விட்டு ஊருக்கு வந்த நாங்கள், பிள்ளைகள் இருவரோடும் மறுபடியும் அங்கே போவதா, இங்கேயே இருந்துவிடுவதா?

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். ஒருவர் எழுதிய வரியை மற்றவர் அடித்துத் திருத்தியும் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மகனுக்கு ஆறு. வீட்டில் மூத்தவர் ஒருவர் உண்டு; எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பாயி. ஊர், கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் வட்டாரத்தில் உள்ள சிற்றூர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். எங்கள் மாவட்டத்திலோ ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய், திருவிழாவுக்குத் தலைகாட்டும் பூமியும்கூட.

நாங்கள் வந்த கதை பலருக்கும் நேர்ந்ததே. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. முடிச்சூரில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. எங்களில் ஒருவர் மென்பொருள் நிறுவன ஊழியர். படுக்கையறையே அவருக்கு அலுவலகமாயிற்று. மற்றவர் தனியார் பள்ளி ஆசிரியை. மே மாதம் முதல் ஊதியம் நின்றுபோயிற்று. ஜூன் முதல் வாரத்தில் இ-பாஸ் பெற்று, வாடகைக் காரில், இரண்டு பெட்டிகளோடு கிளம்பினோம். இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். ஊரில் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டிப் போனார்கள். பதினான்கு நாளும் பக்கத்து வீட்டார் குழம்பும் பாலும் வேலியோரம் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்பார்கள். நவம்பர் வரை முடிச்சூர் வீட்டுக்கு வாடகை அனுப்பிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் வீட்டைக் காலி செய்து சாமான்களை ஒரு சிறு லாரியில் ஏற்றி வந்தபோதுதான், வந்து சேர்ந்தோம் என்பது எங்களுக்கே உறைத்தது.

அப்போது மகனுக்கு ஒரு வயதுதான். எனவே சென்னைக்குத் 'திரும்புவது' என்று நாங்கள் பேசும்போதெல்லாம் அந்தச் சொல் அவனுக்குப் பொருந்துவதில்லை. அவன் அறிந்த ஊர் இது ஒன்றே. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தியைச் செய்தித்தாளுக்கு முன்பாக அவன் கொண்டுவருவான். மழைக்காலம் தொடங்கிய பின் கரைவெட்டி ஏரிக்கு அழைத்துப் போகச் சொல்லி நச்சரிப்பான். 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிரப்பும் பாசன ஏரி. இமயத்துக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகள் அங்கே வந்திறங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க்காரர்களான எங்கள் உறவினரில் பாதிப்பேர் அந்த ஏரிக்கரையில் கால் வைத்ததே இல்லை, பைனாகுலரோடு தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருபவர்கள் வழி கேட்டால்தான், "அந்தக் கொக்கு ஏரியா?" என்பார்கள்.

ஆயினும் கிராம வாழ்க்கையைப் பூச்சூட்டிப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. நகரத்தில் அமர்ந்துகொண்டு கிராமத்தைப் பாடுவது எளிது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அரியலூர்ச் சாலையில் வரிசையாக வரும்போது, மகளைச் சைக்கிளில் அனுப்பிய தாய் திண்ணையைவிட்டு நகர மாட்டாள். இணைய வசதிக்கு முதலாண்டு முழுவதும் மொட்டைமாடியே கதி. வெயிலுக்குக் குடையைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கூட்டம் நடத்தியதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கொள்ளிடமும் எப்போதும் சாதுவல்ல. 2018-இலும் 2022-இலும் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது, கரையோரத்து வயல்களில் என்ன நடந்தது என்பதை இங்குள்ளோர் அறிவர்.

மகனுக்கு இழைப்பு உண்டு. மூன்று வயதில், தை மாத அறுவடைத் தூசி பறக்கும் ஓர் இரவில், மணி இரண்டுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க மனம் ஒப்பாமல், பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித் தஞ்சாவூர் நோக்கி ஓடினோம். இருபத்தைந்து கிலோமீட்டர் அவ்வளவு தூரம் என்று அதற்கு முன் தெரிந்ததில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது வீட்டிலேயே நெபுலைசர் இருக்கிறது. மின்தடை வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு உண்டு. அரியலூரிலும் 2022-இல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. எனினும் அந்தப் பாலத்தை இரவில் கடக்கும்போதெல்லாம் எங்களில் ஒருவர் மற்றவரின் கையைப் பற்றிக்கொள்வது நிற்கவில்லை. சென்னையில் இருந்தால் இழைப்பு வராதா என்று மருத்துவரிடம் கேட்டோம். "அங்கே புகை, இங்கே தூசி. மருந்து ஒன்றுதான்" என்றார். எங்கள் ஆலோசனைக்கு உதவாத விடை. ஆனால் நேர்மையான விடை.

எங்களில் ஆசிரியைக்கு இந்த ஊர் தந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் இறுதியில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பத்தொன்பது மாதங்கள் மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் திறந்ததும் ஏறத்தாழ அதே நாள்களில்தான். தன்னார்வலராகப் பெயர் கொடுத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் திண்ணையில் முதல் நாள் மாலை வந்த பிள்ளைகள் பதினெட்டுப் பேர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குத் தம் பெயரை எழுத வரவில்லை. அவர்கள் முதல் வகுப்பு முடிப்பதற்குள் பள்ளி மூடி, மூன்றாம் வகுப்பில் திறந்தது. எழுத்து எங்கே தங்கும்? ஒருவன் 'ழ' எழுதப் பழகிய அன்று, தெருமண்ணில் நீளமாக அதை எழுதிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

சென்னைப் பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகளில், நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடிய பிள்ளைகளை இன்னும் நல்ல மதிப்பெண் எடுக்க வைப்பதே பெரும்பாலும் அவருடைய பணியாக இருந்தது. அது பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே, தான் இல்லாவிட்டால் நடக்காத ஒன்று நடக்கிறது என்ற உணர்வு அவருக்கு முதன்முதலாக வாய்த்தது. திட்டத்தின் ஆரம்ப வேகம் தணிந்த பிறகும் திண்ணை வகுப்பு நிற்கவில்லை. போவதா இருப்பதா என்ற பேச்சில், ஊதியமில்லாத இந்த ஒன்றரை மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் நாங்கள் பல இரவுகள் விழித்திருக்கிறோம்.

கணக்கு என்றதும் நிறுவனத்தின் கடிதத்துக்கு வருகிறோம். வருகிற ஜூன் முதல் வாரத்தில் நான்கு நாள் சிறுசேரி அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும், விலக்கு இல்லை. இத்தனை ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டதே பெரிது என்பாரும் உளர். அதில் நியாயம் உண்டு. மாற்று வழி தேடாமல் இல்லை. திருச்சியில் இரண்டு நிறுவனங்களைப் பார்த்தோம். தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் சிறு டைடல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது, அங்கும் விசாரித்தோம். கிடைக்கக்கூடிய வேலைக்கு ஊதியம் ஏறத்தாழ பாதி. பாதி ஊதியத்தில் இந்த ஊரில் வாழ முடியாதா? முடியும். வாடகை இல்லை; ஒன்றரை ஏக்கர் நெல்லில் சாப்பாட்டு அரிசி வந்துவிடும். ஆனால் அத்தையின் கண் அறுவை, மகளின் கல்லூரி, எங்கள் முதுமை என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், பாதி ஊதியம் பத்தாண்டுக்குப் பின் பாதியாகவும் நிற்காது. எதிர்ப்பக்கத்தில் சென்னை வாடகை 18,000, பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், குடிநீர்க் கேன் என்று எழுதினால், முழு ஊதியமும் ஏறத்தாழ அதே பாதிக்கு வந்து நிற்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதும் இப்படி எழுதி, கூட்டி, அடித்து வைத்திருக்கிறோம். பணத்தைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்பது மட்டுமே அதில் உறுதிப்பட்டது.

ஒருவர் மட்டும் போய் விடுதியில் தங்கி, வாரக் கடைசியில் வந்து போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எங்களுக்கும் அது எளிய வழியாகத் தோன்றியது. அதைப் பேசிக்கொண்டிருந்த இரவில், உள்ளறையிலிருந்து அத்தை எழுந்து வந்தார். அவருடைய கணவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வாரமெல்லாம் அங்கே தங்கி, சனிக்கிழமை இரவு வீடு வந்து, திங்கள் விடியுமுன் போய்விடுவார். "முப்பது வருசம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குடும்பம் நடத்தினேன். புள்ளைங்க அவரை விருந்தாளி மாதிரி பார்க்கும். அது என்னோட போகட்டும். உங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் எவரும் கேட்டதுமில்லை.

சென்னையின் மீது எங்களுக்கு வெறுப்பில்லை. ஆனால் அச்சம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது மகளுக்கு ஐந்து மாதம். தரைத்தளத்தில் இருந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது, எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாடிவீட்டுக்கு. அதற்கு முன் மாதம் ஒருமுறை செபக் கூட்டத்தில் வணக்கம் சொன்னதோடு சரி. அந்த நான்கு நாளில் அவர்கள் வீட்டுப் பால்பவுடர் டப்பாவின் அடிவரை எங்கள் மகளுக்கே போயிற்று. சென்னையில் யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்பவர்களிடம் நாங்கள் இதைச் சொல்வதுண்டு. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. நான்கே ஆண்டுகளில் அதே நகரம் இரு எல்லைகளையும் கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் இங்கே தொலைக்காட்சி முன் அமர்ந்து, அந்த மாடிவீட்டாரின் கைபேசிக்கு இரண்டு நாள் ஓயாமல் முயன்றுகொண்டிருந்தோம்.

இவ்வளவும் இருக்க, முடிவை நெருக்கியது மகளின் வகுப்பு. இங்குள்ள பள்ளி ஈராசிரியர் பள்ளி; ஐந்தோடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு ஒன்பது கிலோமீட்டர் பேருந்தில் போகவேண்டும். ஆக, இருந்தாலும் அவளுக்குப் பள்ளி மாற்றம், தோழியர் மாற்றம்; போனாலும் அதுவே. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு உண்டு என்று 2020-இல் சட்டம் வந்ததிலிருந்து, எங்கள் தெருவில் அதைக் கணக்கிட்டே பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. "இதை விட்டுட்டா போறீங்க?" என்று கேட்டார்கள். சென்னையிலும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன என்பது யாருக்கும் நினைவில்லை. பத்து வயதுப் பெண் மருத்துவராவாளா, மரம் ஏறுவாளா என்பது யாருக்குத் தெரியும்? இப்போதைக்கு இரண்டாவதில் தேர்ந்திருக்கிறாள்.

பிள்ளைகளையும் கேட்டோம். பெரியோர் முடிவெடுத்துச் சிறியோர்க்கு அறிவிப்பதே எங்கள் இருவர் வீட்டு வழக்கமும். அதை மாற்ற நினைத்தோம். மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு, புது வீட்டில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்டாள். மகன், "அங்க அப்பாயி எங்க படுத்துக்கும்?" என்றான். எங்களிடம் விடை இல்லை. ஏனெனில் அப்பாயி வரப்போவதில்லை என்பது எங்களுக்கு முன்பே தெரியும். கணவரின் கல்லறை இங்கே, ஆடுகள் இங்கே, முப்பது ஆண்டுகள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்த வாசலும் இங்கேதான். வற்புறுத்தினால் வருவார்; வந்து, கதவடைத்த அடுக்குமாடியில் எங்களுக்காக உயிரோடு இருப்பார். அப்படி ஒரு வாழ்வை அவருக்குத் தர எங்களுக்கு உரிமை இல்லை. அதே சமயம், அறுபத்தெட்டு வயதில் அவரைத் தனியே விட்டுப் போகவும் மனம் இடங்கொடுக்கவில்லை. எல்லா ஆலோசனையும் சுற்றிச் சுற்றி இந்த முள்ளில் வந்தே தைத்து நின்றது.

அதையும் அவரே எடுத்தார். "போறதுன்னா இப்பவே போயிடுங்க. புள்ளைங்க பெருசான பெறகு போனா ரெண்டு ஊருக்கும் ஆகாம போயிடுங்க. நான் இங்கன இருந்தாத்தான் உங்களுக்கு வர்றதுக்கு ஒரு ஊரு இருக்கும்" என்றார். பெருந்தன்மையால் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி எண்ணுகிறாரா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. எங்களில் ஒருவர் முதலாவது என்கிறார். அவருடைய மகன், இரண்டாவது என்கிறார்.

போவதென்று முடிவாயிற்று. முடிச்சூருக்கு அல்ல, மறைமலை நகருக்கு. சென்னைக்குத் துணைநகரமாகத் திட்டமிட்டு உருவாக்கிய இடம் அது. சிறுசேரிக்கு வண்டலூர் வழியே போய்வரலாம். 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் தொலைவில்லை. வெள்ளிக்கிழமை செங்கற்பட்டில் பல்லவன் விரைவு வண்டியைப் பிடித்தால் இரவுக்குள் அரியலூர். அங்கிருந்து ஊருக்குப் பேருந்து கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். மாதம் இருமுறை வருவதென்று சொல்லியிருக்கிறோம். எத்தனை மாதம் அது நிலைக்கும் என்பதைத் தேர்வுகளும் திருமணங்களும் முடிவு செய்யும். வீடு மாடியில்தான் வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வயல், அடுத்த வீட்டுத் தம்பிக்குக் குத்தகை; விற்பது என்ற பேச்சே எழவில்லை. அத்தையின் வீட்டுச் சாவி ஒன்று அந்தத் தம்பியின் மனைவியிடம் இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

திண்ணை வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்ன அன்று, ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு பிள்ளையின் தாய் ஒரு கூடை முருங்கைக்காயோடு வந்து, "அப்ப இனிமே யாருக்கா பாப்பாங்க?" என்று கேட்டார். முதல் ஆண்டுப் பிள்ளைகளில் மூத்தவள் இப்போது பத்தாம் வகுப்பு. தேர்வு முடிந்ததும் சிறியவர்களுக்குத் தான் சொல்லித் தருவதாகச் சொல்கிறாள். நடக்கலாம், நின்றும் போகலாம். மாலை ஆறு மணிக்குத் திண்ணை விளக்கைப் போட்டுவிடுவது தன் பொறுப்பு என்று அப்பாயி சொல்லியிருக்கிறார்.

அவருடைய இடக்கண் புரை அறுவைக்கு மே மாதம் நாள் கேட்டிருக்கிறோம். அது முடிந்து, சொட்டு மருந்து நாள்களும் கழிந்த பிறகே கிளம்புவது. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, பைபிளுக்குள் வைத்திருக்கிறோம். தேதி மட்டும் இன்னும் இடவில்லை.